முந்தி அடித்த மணி

டங்.

ஒரே ஒரு தட்டு, அதுவும் விரல் முட்டியால். பின்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவன் அப்படியே நிமிர்ந்துவிட்டேன். வந்திருப்பது யாரென்று தெரியாது, எதற்கு வந்தாரென்று தெரியாது, ஆனால் தொட்டது எந்த மணி என்று தெரிந்துவிட்டது. அது பெரியவர் மணி. அடித்து ஓய்கிற நேரத்தில் சளி கட்டினவன் குரல் மாதிரி ஒரு கரகரப்பு இழுக்கும் பாருங்க, அது அந்த மணிக்கு மட்டும்தான். இந்தா, இதைத் தட்டுங்க அண்ணாச்சி. ம்... கேட்டீர்களா? இது எங்கள் மணி. சின்னவர் மணி. முப்பத்தெட்டு வருஷமாக அடிக்கிற மரக் கொட்டாப்புளி படாமல் கிடக்கிறது, இன்னும் தொண்டை கெடவில்லை.

ரெண்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களா நாச்சியார்? சரி. மதுரைக்குக் கொண்டுபோய் உருக்குவீர்களோ, எந்தக் கோயிலுக்காவது கொடுப்பீர்களோ, உங்கள் பாடு. வண்டி வர நேரம் ஆகும் என்கிறீர்கள். அந்தப் படியில் உட்காருங்க. ஒரே அரண்மனைக்கு எதற்கு ரெண்டு மணி என்று கேட்டீர்கள் இல்லையா, அதைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் கிடையாது. இதை அடித்தவன் நான். பேர் கொம்பையா. உள்ளே இருக்கிறார்களே, நீங்கள் கும்பிட்டுப் பேசிவிட்டு வந்தீர்களே உலகநாச்சியார், அவர்கள் கழுத்தில் ஒரு தாலி ஏறாமல் போனது இந்த ரெண்டு வெண்கலத்தால்தான். வெண்கலம் என்ன செய்யும்? அதற்கு ரெண்டு பக்கமும் நின்ற அந்த ரெண்டு மகாராசாக்களால்.

மகாராசாக்களாம்! தூ.

இந்தப் பனையடிக்குறிச்சி ஜமீனில் இவர்கள் அப்பா பெரிய மகாராசாவுக்கு ரெண்டு ராணி. ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் பிரசவ வலி. கூத்து அங்கேயே ஆரம்பம். முதலில் பிறக்கிற ஆண்பிள்ளைக்குத்தான் பட்டம். கிழக்கு அறையில் ஒரு மருத்துவச்சி, மேற்கு அறையில் ஒரு மருத்துவச்சி, நடு முற்றத்தில் அண்டாத் தண்ணீரில் நாழிகை வட்டில்.

வட்டில் தெரியுமா? செம்புக் கிண்ணம். அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். தண்ணீரில் மிதக்க விட்டால், துவாரம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறி, இருபத்துநாலு நிமிஷத்தில் 'களுக்'கென்று முங்கும். அதுதான் ஒரு நாழிகை. முங்கினதும் மணி அடிக்க வேண்டும். சூரியன் உதித்ததிலிருந்து எத்தனையாவது முங்கலோ அத்தனை அடி. பிறகு எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்க விட வேண்டும். ஊரே இந்த மணியைக் கேட்டுத்தான் உலை வைக்கும், மாடு அவிழ்க்கும். வெள்ளைக்காரத் துரை கொடுத்த சுவர்க் கடிகாரமும் அரண்மனையில் ஒன்று இருந்தது. அதற்குள் அணில் குட்டி போட்டிருந்தது.

கிழக்கு அறைப் பிள்ளை பன்னிரண்டாம் நாழிகை அடிப்பதற்கு முன்னால் பிறந்தது. மேற்கு அறைப் பிள்ளை அடித்த பின்னால் பிறந்தது. இவ்வளவுதான். ஒரு கிண்ணம் தண்ணீர்கூட இல்லை நடுவில். முந்தினவர் வீரகேரளத் துரை, பெரியவர். பிந்தினவர் குத்தாலத் துரை, சின்னவர். முந்தினவர் ஆயுசுக்கும் ராஜா, பிந்தினவர் ஆயுசுக்கும் ராஜாவுடைய தம்பி.

சின்னவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே பல்லவி. "அன்னைக்கு அந்த மணிக்காரப் பய தூங்கிட்டாம்லே கொம்பையா. வட்டில் முங்கி எவ்வளவோ நேரம் கழிச்சுத்தான் அடிச்சிருக்கான். இல்லன்னா நாந்தாம்லே மூத்தவன்."

மணியை எப்போது அடித்தாலும் பிறந்தது பிறந்ததுதானே என்று எனக்குத் தோன்றும். சொல்ல முடியுமா? "ஆமா மகாராசா" என்பேன். அந்த மகாராசாவைக் கேட்டதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, விளக்கேற்றின மாதிரி.

அப்பா கண்ணை மூடினதும் அரண்மனைக்கு நடுவில் சுவர் எழும்பிவிட்டது. கிழக்குப் பாதி பெரியவருக்கு, மேற்குப் பாதி சின்னவருக்கு. மணி கிழக்குப் பக்கம் போய்விட்டது. சின்னவர் ஆறு மாதம் சோறு இறங்காமல் கிடந்தார். பிறகு கும்பகோணத்துப் பக்கம் நாச்சியார்கோயிலுக்கு ஆள் அனுப்பிப் புது மணி வார்க்கச் சொன்னார், ஆசாரியை வைத்துப் புது வட்டில் அடிக்கச் சொன்னார், அடிக்கிறதுக்கு என்னை வைத்தார். மொட்டை மாடியில் ரெண்டு மணி மண்டபம், இருபது அடிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, நடுவில் இடுப்புயரச் சுவர். அந்தப் பக்கம் பெரியவர் மணிக்குச் சொரிமுத்து. அவன் ஒரு ஆள்! மூக்கு வழியாகவே பேசுவான்.

இப்போது கேளுங்க வேடிக்கையை. எங்கள் புது வட்டிலுக்குத் துவாரம் ஒரு மயிரிழை பெரிசாய்ப் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதனால் அது கொஞ்சம் முந்தி முங்கும், நானும் முந்தி அடிப்பேன். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது, "சின்னவர் மணி முந்திக்கிட்டு"ன்னு. பெரியவர் காதுக்குப் போயிற்று. மனுஷனாக இருந்தால் என்ன செய்வான்? சிரித்துவிட்டுப் போவான், இல்லையென்றால் தம்பியைக் கூப்பிட்டு உன் வட்டில் தப்பு என்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? தன் பக்கத்துக்கும் புது வட்டில் அடிக்கச் சொல்லி, துவாரத்தை இன்னும் பெரிசாக்கச் சொன்னார். அப்பா காலத்து வட்டிலைத் தொடவில்லையாம். அப்பா மேல் மரியாதையாம். அதைப் பட்டுத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, புதுசில் பொய் சொன்னார்.

சின்னவர் விடுவாரா? "லே ஆசாரி, ஊசி போதாது, ஆணியால குத்துலே." மறு மாதம் அந்தப் பக்கம் ஆணி. அப்புறம் இந்தப் பக்கம் பெரிய ஆணி. ரெண்டு வருஷத்தில் வட்டில் மிதக்கிற நேரத்தைவிட அதை எடுத்துக் கவிழ்க்கிற நேரம் அதிகம். பகலுக்கு முப்பது நாழிகை என்பது உலகத்துக்கெல்லாம் கணக்கு. பனையடிக்குறிச்சியில் பகலுக்கு நாற்பது. பொழுது இன்னும் ரெண்டு பனை உயரம் நிற்கும், ரெண்டு மணியும் முப்பது அடித்துவிடும். வயலில் நிற்கிற ஆட்களெல்லாம் "மகாராசா உத்தரவு" என்று களைவெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காரியஸ்தர் கையைப் பிசைவார். ரெண்டு பேரும் கேட்டால்தானே! நெல் கெட்டால் கெடட்டும், மணி முந்த வேண்டும்.

இவர்களுக்கு ஒரே தங்கச்சி இந்த நாச்சியார். பெரியவரோடு கூடப்பிறந்தது. பெற்றதும் மூத்த ராணி போய்விட்டார்கள், பால் கொடுத்து வளர்த்தது சின்னவருடைய தாயார். அதனால் என் தங்கச்சி என் தங்கச்சி என்று ரெண்டு பேருக்கும் உயிர். பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு விஷயத்தில் ரெண்டு பேருமே உண்மையாக இருந்தார்கள். நடுச்சுவரில் ஒரே ஒரு கதவு. அது அவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். காலையில் கிழக்கே பலகாரம் சாப்பிட்டால் மத்தியானம் மேற்கே சாப்பாடு. எங்கே ஒரு வாய் கூடச் சாப்பிட்டார்கள் என்று ரெண்டு பக்கமும் சமையல்காரனை விசாரிப்பார்கள்.

யுத்தம் தொடங்குவதற்கு ரெண்டு வருஷம் முன்னால் மேற்கே ஒரு பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. காலேஜில் படித்த பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று ரெண்டு மணியும் ஒன்றையொன்று விரட்டி அடிக்கிறதைக் கேட்டுவிட்டுக் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க ஊர்ல சூரியனுக்கே மூச்சு வாங்கும் போலிருக்கே" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற நாச்சியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டு அவரும் சிரித்தார். அவ்வளவுதான், ரெண்டு பேருக்கும் பிடித்துப் போயிற்று.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாடிக்கு வந்தார்கள் நாச்சியார். பதினேழு வயசு. கையில் பட்டுத் துணி மூட்டை. பிரித்தால் அப்பா காலத்து வட்டில்.

"கொம்பையா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் இத மிதக்க விடு."

"நாச்சியா, சின்னவருக்குத் தெரிஞ்சா..."

"ஒரு நாள்தானே. முகூர்த்தம் எட்டு நாழிகைக்கு மேல. அதுக்கு முன்னால ராகுகாலம். அவங்க கையில கடிகாரம் கட்டியிருக்காங்க. மணி தப்பா அடிச்சா அவங்க வீட்டு ஆளுங்க முன்னால எங்க அண்ணன்மாரு ரெண்டு பேரும் தலகுனியணும். குனிய மாட்டாங்க, அதான் எனக்குப் பயமா இருக்கு."

பதினேழு வயசில் எவ்வளவு தெரிந்திருக்கிறது பாருங்க. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "சொரிமுத்து, நாளைக்கு நீ வட்டில் வைக்க வேண்டாம். கொம்பையா அடிக்கிறதக் கேட்டுட்டு, அதுக்குப் பிறகு அடி. எனக்காக" என்றார்கள். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி நாச்சியா" என்றான். நான் வட்டிலைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்ணினவன் நான், அதைக் கவனித்துக்கொள்ளுங்க. அவன் வெறும் 'சரி'தான் சொன்னான்.

மறு நாள் விடிந்தது. வட்டிலை மிதக்க விட்டேன். முதல் நாழிகை, நான் ஒன்று அடித்தேன், அவன் ஒன்று அடித்தான். ரெண்டு, மூணு, நாலு. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு பனையடிக்குறிச்சியில் சரியான நேரம். கீழே பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள். "என்னவே, இன்னைக்கு ரெண்டு மணியும் தூங்குது?" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன், "தூங்கல வே, சின்னவர் மணி சொல்லுது, பெரியவர் மணி கேக்குது" என்றான். சுற்றி ஒரே சிரிப்பு.

எனக்கு அது காதில் தேன் மாதிரி விழுந்தது, மறைப்பானேன். அந்தப் பக்கம் பார்த்தேன். சொரிமுத்து முகம் சுண்டிப் போயிருந்தது. எனக்குத் தெரியாதா அவனை? பொறாமை பிடித்தவன். பெரியவர் வீட்டு உப்பைத் தின்றவனுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்?

அஞ்சாவது நாழிகை. வட்டிலில் பாதித் தண்ணீர்கூட ஏறவில்லை. சும்மா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறேன், சொரிமுத்து கொட்டாப்புளியோடு கையைத் தூக்குகிறான்.

தூக்குகிறான் அண்ணாச்சி! என் கண்ணால் பார்த்தேன். மணிக்குப் பக்கத்தில் நிற்கிற மணிக்காரன் கொட்டாப்புளியைத் தூக்கினால் எதற்குத் தூக்குவான்? பாயசத்துக்குக் கொதித்த வெல்லத்துக்கு ஈ மொய்த்துக்கொண்டு மாடி வரைக்கும் வந்தது, மூஞ்சியில் உட்கார்ந்த ஈயை விரட்டினேன் என்று அப்புறம் சொன்னானாம். ஈயாம்! யார் நம்புவது? அவன் முந்தி அடித்துவிட்டால், ரெண்டு வருஷம் நான் பாடுபட்டது என்ன ஆகிறது? நான் அடித்துவிட்டேன். அஞ்சு.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். வாயைத் திறந்து என்னவோ சொன்னான், மணிச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு அவனும் அடித்தான். அடித்த வேகத்தைப் பார்த்தால் விட்டதைப் பிடிக்கிறவன் மாதிரி. நான் ஆறு அடித்தேன். அவன் ஆறு. ஏழு. வட்டிலைப் பார்க்க நேரம் ஏது? அது பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. இன்னும் முங்கக்கூட இல்லை. எட்டு.

எட்டு அடித்ததும் கீழே மேளம் தட்டிவிட்டார்கள். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மணமேடைக்கு ரெண்டு பக்கத்திலும் வந்து நின்றாயிற்று. நாச்சியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நடக்கும்போது ஒரு தரம் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார்கள். பந்தல் ஓலை மறைத்திருக்கும், என் முகம் தெரிந்திருக்காது.

மாப்பிள்ளையுடைய தாய்மாமன் ஒருத்தர், மீசைக்காரர், கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். "இப்ப எட்டே கால்தானே ஆகுது. ராகுகாலம் ஒன்பது மணி வரைக்கும் இருக்கே" என்றார்.

பெரியவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "எங்க அரண்மனைக்குள்ள ராகுவும் எங்க மணியக் கேட்டுத்தான் வருவாரு, போவாரு."

சிலர் சிரித்தார்கள். தாய்மாமன் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன்தான், "சரி, ராகு கேப்பாரு. எங்க வீட்டுப் பொம்பளையாளுங்க கேக்க மாட்டாங்க. முக்கால் மணி நேரம் பொறுத்துக்கிடுவோம். காப்பி குடிப்போம்" என்றார்.

எவ்வளவு சுளுவாகப் போய்விட்டது பாருங்க. காப்பி குடிக்க வேண்டியது. அவ்வளவுதான் வேலை. சின்னவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"தாராளமாப் பொறுப்போம். எங்க அண்ணன் மணி தப்புன்னு எங்க அண்ணன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"முதல்ல அடிச்சது யாரு மணி? உன் மணி. தப்புன்னா நீ சொல்லு."

"என் மணி தப்புன்னா அதுக்குப் பின்னாலயே அடிச்ச உங்க மணி?"

"நீ பிறந்த அன்னைக்கே பிந்திப் பிறந்தவன். உனக்கு எதுக்குடா மணி?"

அந்த வார்த்தை விழுந்ததும் முடிந்தது. இனி ரெண்டு பேரில் ஒருத்தர் 'தப்பு' என்று சொன்னால், நாழிகை தப்பு என்று அர்த்தம் இல்லை, பிறப்பே தப்பு என்று அர்த்தம். ஜோசியர் ஐயர் முற்றத்து நிழலைப் பார்க்கிறார். அவருக்குத் தெரியும். நிழல் எங்கே நிற்கிறது என்று ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு ஐயர் பஞ்சாங்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் மேலே ஒன்பது போய்ப் பத்தும் அடித்தது. பத்தாம் நாழிகையோடு முகூர்த்தம் முடிவு.

ஆமாம், நான்தான் அடித்தேன். சொரிமுத்து எட்டோடு கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டான். தோற்றுப்போனவன் போடத்தானே செய்வான். நான் என் வேலையைச் செய்தேன். வேலையைப் பாதியில் விடுகிறவன் நான் இல்லை.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொண்ணு குடுக்க மனசிருக்கு, முக்கால் மணி நேரம் குடுக்க மனசில்ல. இந்த வீட்டுல சம்பந்தம் வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். கூட வந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை மட்டும் உடனே போகவில்லை. மாடியிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாசலில் வண்டி மாட்டியாயிற்று, ஆட்கள் ஏறியாயிற்று, அவர் மட்டும் மாலையோடு வேப்ப மரத்தடியில் நின்றார். கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக. ஒன்பது மணி வரைக்கும் நின்றார். அதற்கு மேலும் கொஞ்ச நேரம் நின்றார். நிஜமான முகூர்த்தம் அப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது, அண்ணாச்சி! ஐயர் இருக்கிறார், அக்கினி இருக்கிறது, தாலி தட்டில் இருக்கிறது, பெண் மணையில் இருக்கிறது. யாராவது ஒருத்தர் வாசலுக்கு வந்து, "மணி தப்பா அடிச்சிட்டு, உள்ள வாங்க" என்று சொன்னால் போதும். ரெண்டு ராஜாவில் ஒருத்தருக்குக்கூட அந்த நாலு வார்த்தைக்கு நாக்கு எழும்பவில்லை. என்ன ஜென்மங்கள்!

நானா? நான் எப்படிச் சொல்ல? ராஜாக்கள் பேசுகிற இடத்தில் மணிக்காரனுக்கு என்ன வேலை?

பிறகு அவர் மாலையைக் கழற்றி மரத்துக் கிளையில் தொங்கவிட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

மத்தியானம் நாச்சியார் மாடிக்கு வந்தார்கள். கல்யாணப் புடவையோடு. வட்டிலை அண்டாவிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். துவாரம் அடைத்துக்கொண்டதோ என்று பார்த்தார்கள் போல. அடைக்கவில்லை. என் கையிலிருந்த கொட்டாப்புளியை வாங்கினார்கள். அந்தப் பக்கம் போய்க் கீழே கிடந்ததையும் எடுத்தார்கள். வெந்நீர் அடுப்பில் ரெண்டையும் வைத்துவிட்டார்கள். அன்றோடு மணி நின்றது. ரெண்டு அண்ணன்மாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் என்ன? வேறு வரன் பேசினால் நாச்சியார் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெரியவர் செத்தபோது சின்னவர் சுவரைத் தாண்டி வரவில்லை. சின்னவர் செத்தபோது வருவதற்குப் பெரியவர் இல்லை. சொரிமுத்து கல்யாணத்தன்று சாயங்காலமே நாச்சியார் காலில் விழுந்து என்னவோ அழுதான் என்று சமையல்காரி சொன்னாள். என்னத்தைச் சொல்லியிருப்பான்? அவன்தான் கை ஓங்கினான் என்று ஒப்புக்கொண்டிருப்பான். மறு நாள் ஊரைவிட்டே போய்விட்டான். குற்றமுள்ளவன்தானே ஓடுவான்.

என்னை நாச்சியார் போகச் சொல்லவில்லை. ஆட்களையெல்லாம் ஒவ்வொருத்தராக வேலையைவிட்டு நிறுத்தினார்கள், "கொம்பையா, நீ மட்டும் எங்கண் முன்னாலயே இரு" என்றார்கள். அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் கல்யாணம் காட்சி ஒன்றும் அமையவில்லை, இருந்துவிட்டேன். ஒரே ஒரு பழக்கம் அவர்களுக்கு. கையில் கடிகாரம் கட்டியிருக்கிறார்கள், நீங்களே பார்த்திருப்பீர்கள், கறுப்பு வார் போட்டது. ஆனாலும் நேரத்தை என்னிடம்தான் கேட்பார்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. நான் நிழலைப் பார்த்து ஒன்று சொல்வேன். உடனே தன் கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். முப்பத்தெட்டு வருஷமாக இப்படித்தான். ஒரு பிரியம்தான், வேறென்ன? பெரிய வீட்டு மனுஷர்கள் பிரியத்தை வாய்விட்டுச் சொல்வார்களா?

உங்கள் வண்டி வந்துவிட்டது போலிருக்கே. பெரியவர் மணியை முதலில் ஏற்றச் சொல்லுங்க. எங்கள் மணி மேலே இருக்கட்டும், கனம் தாங்காது.

"கொம்பையா..."

இந்தா, கூப்பிடுகிறார்கள், கேட்டீர்களா?

"நாச்சியா!"

"மணி என்ன?"

"மூணு அடிச்சிருக்கும் நாச்சியா."

பாருங்க. இப்போது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சரி அண்ணாச்சி, பார்த்துப் போங்க. எனக்குக் கீரை பாதி கிடக்கிறது. பழுத்த இலையெல்லாம் தனியாக எடுக்க வேண்டும், காம்பு ஒன்று கிடந்தாலும் அவர்களுக்குப் பிடிக்காது.